வலி வரட்டும் என்று காத்திருந்தவள்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஆபரேஷனுக்கு வருகிறவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் 'மயக்க டாக்டர்' என்பார்கள். வார்டில் வேலை பார்க்கிறவர்கள் 'எழுப்புற டாக்டர்' என்பார்கள். முதல் பெயர் படித்து வாங்கியது. இரண்டாவது சண்டை போட்டு வாங்கியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். ஊசி போட்டுத் தூங்க வைப்பாள், மூச்சையும் நாடியையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்வாள், தையல் முடிந்ததும் எழுப்புவாள். படுத்திருக்கிறவர் கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவர் வார்டுக்குப் போவார், இவள் அடுத்தவரிடம் போவாள். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, வார்டு வழியாக நடந்து போக வேண்டியதாயிற்று. சுவரோரப் படுக்கையிலிருந்து ஒரு கை நீண்டு அவளுடைய கோட்டைப் பிடித்தது. உதடு வெடித்து, மூக்கில் குழாயோடு ஒரு அம்மா படுத்திருந்தார்.

"என்னைத் தூங்க வெச்சது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இன்னும் எழுப்பவே இல்லையே நீங்க."

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலமே வாயைக் கட்டி, தொண்டை காய்ந்த நிலையில்தான் மேசைக்கு வந்தார். அதற்குப் பிறகும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வலிக்குக் கொடுத்த மருந்தில் மண்டை கிறுகிறுத்து, குடல் அசையாமல், காலை ஊன்றத் தெம்பில்லாமல் கிடந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கிடப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் வார்டுக்குள் நுழைய ஆரம்பித்தாள். ஆபரேஷன் அன்று காலையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். தேவையில்லாத குழாய்களைப் போடாதீர்கள் என்றாள். முதுகில், தண்டுவடத்துக்கு வெளியே, நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, சின்னப் பம்ப் ஒன்றால் சொட்டுச் சொட்டாக மரப்பு மருந்து செலுத்தினாள். வயிறு மரத்திருக்கும், மண்டை தெளிவாக இருக்கும். அன்று சாயங்காலமே ஆளைப் பிடித்து உட்கார வைப்பாள், மறுநாள் நடக்க வைப்பாள். வார்டின் பெரிய சிஸ்டர் முதலில் இதற்கு மசியவில்லை. "வயித்தைக் கிழிச்சுத் தைச்சவங்களை ஓட்டப் பந்தயத்துக்கா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டவர், இரண்டு வருடம் கழித்து, எழுந்து நடக்காத நோயாளிகளை அவளை முந்திக்கொண்டு திட்ட ஆரம்பித்திருந்தார்.

நிர்வாகத்துக்கு இது இனித்தது. படுக்கைகள் சீக்கிரம் காலியாயின. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதில் ஒரு ஆள் கையை வீசி நடந்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இந்த முறையை ஆரம்பித்த முதல் வருடத்தில் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். குடலில் ஆபரேஷன். எல்லாம் சொன்னபடி நடந்தது. எழுந்தார், நடந்தார், கஞ்சி குடித்தார். வீட்டுக்குப் போக இருந்த நாளின் காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ சரியில்ல டாக்டர்" என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். எங்கேயும் வலிக்கவில்லை என்றார். நாடி, சூடு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போவதை நினைத்துப் பதட்டப்படுகிறார் என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள். சாயங்காலம் அந்த ஆசிரியை பாத்ரூம் வாசலில் சரிந்தார். உள்ளே தைத்த குடல் விட்டுப்போய், கசிந்து, வயிறு முழுக்க விஷம் பரவியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அவளுக்குப் பயம் வந்ததே இல்லை. அங்கே எது தப்பினாலும் மெஷின் கத்தும். நன்றாக நடந்துகொண்டிருக்கிற ஆள் ஒருவர் நின்று, காரணம் தெரியாமல் முகம் சுளித்தால்தான் அவளுக்குப் பயம்.

இந்த நிலையில்தான் அவளுடைய கொழுந்தனுக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது.

கொழுந்தன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில், வாய் ஓயாமல் பேசுவது அவன் சுபாவம். அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் வண்டி ஓட்டும்போதெல்லாம் அவன் குரல் காதில் கேட்கிறது என்பார்கள். அவன் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, அவனுக்கு நேர் எதிர். அளந்து பேசுவாள். வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மயக்க டாக்டர்தான் பேசிப் பேசி இங்கே வரவைத்தாள்.

"சரிக்கா. உங்களை நம்பித்தான்" என்றாள் ஓரகத்தி. அதை ஒரு கணக்குத் தீர்ப்பது போலச் சொன்னாள்.

ஆபரேஷன் செய்யும் சர்ஜனுக்குத் தியேட்டரில் 'டெய்லர்' என்று பெயர். அவர் தைத்த இடத்தில் ஊசி போன வழி தெரியாது என்பது அங்கே பேச்சு. கை நடுங்காத, குரல் உயராத மனிதர். மயக்கம் கொடுக்க அவளோடு படித்தவன் ஒருவன் ஒப்புக்கொண்டான். எதையும் அவசரப்பட்டுச் செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவனை எல்லாரும் 'ஆமை' என்பார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கொழுந்தன் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, எனக்கு ஒரே கண்டிஷன்தான். பக்கத்து சீட்டுல நீங்க இருக்கணும்."

"சொந்தக்காரங்களுக்கு நான் மயக்கம் கொடுக்கக்கூடாது தம்பி. ஆமை பாத்துக்குவான்."

"ஆமையா? அப்ப நான் போய்ச் சேர ரொம்ப நேரமாகுமே."

"போய்ச் சேரவா வந்திருக்கீங்க?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த ஓரகத்தி சிரிக்கவில்லை. மடித்த துண்டை உதறி மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

ஆபரேஷன் சுமுகமாக முடிந்தது. அவள் வழக்கப்படியே ஆமை முதுகில் அந்தக் குழாயையும் பம்ப்பையும் வைத்திருந்தான். அன்று சாயங்காலமே அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மறுநாள் வார்டின் நீளத்துக்கு நடந்தான். திரும்புகிற இடத்தில் கையை நீட்டி இண்டிகேட்டர் காட்டினான், எதிரே வந்த சக்கர நாற்காலிக்கு வாயாலேயே ஹாரன் அடித்தான். வார்டே வேடிக்கை பார்த்தது. பெரிய சிஸ்டர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நிர்வாகத்து ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். மயக்க டாக்டர் வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் மனசு ஒப்பவில்லை. சொந்தக்காரன் என்பதால் நமக்கு இப்படித் தோன்றுகிறது என்று தன்னையே தட்டி அடக்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் அவன் பேச்சு குறைந்தது.

யாரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் பக்கத்துப் படுக்கைக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். மயக்க டாக்டர் போனபோது அவன் மேல்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். தட்டில் இட்டது அப்படியே இருந்தது. போர்வைக்கு அடியில் அவனுடைய வலது கால் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை மெல்ல அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. அவன் அதை உணர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"என்ன தம்பி, காலு என்ன பண்ணுது?"

அவன் காலைப் பார்த்தான். "பிரேக்கு போடுது போல."

"எதுக்கு?"

 "அண்ணி, சொன்னா சிரிக்கக்கூடாது. கத்துக்கிறவன் வண்டியை எங்கயோ திருப்பிட்டான். என் பக்கத்துல இருக்கிற பிரேக்கை மிதிக்கிறேன், பிடிக்கல. வெளிய பார்த்தா ரோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ சரியில்ல."

அந்த ஆசிரியை சொன்ன அதே வார்த்தை.

"வலிக்குதா?"

"வலியே இல்ல. அதான் சொல்றேனே, ரோடு நல்லா இருக்கு."

வயிற்றில் கை வைத்து அமுக்கினாள். மெத்தென்று இருந்தது. சூடு இல்லை. நாடி மட்டும் கொஞ்சம் வேகம். ரத்த அழுத்தம் கொஞ்சம் தாழ்வு. மூச்சை எண்ணினாள், அதுவும் கொஞ்சம் கூடத்தான். எதை எடுத்தாலும் கொஞ்சம், கொஞ்சம். கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

டெய்லரிடம் போனாள். அவர் உடனே வந்து பார்த்தார், பொறுமையாகத்தான் பார்த்தார்.

"அழுத்தம் தாழ்வா இருக்கிறது உங்க முதுகு மருந்தாலம்மா. அது வழக்கம்தானே. நாடி வேகமா இருக்கிறது, நேத்து ரொம்ப ஆட்டம் போட்டாரு."

"ரத்தப் பரிசோதனையில அழற்சி ஏறியிருக்குன்னு வந்திருக்கு சார்."

"வயித்தைத் திறந்தா ஏறத்தான் செய்யும்."

"ஒரு ஸ்கேன்?"

"இப்பதான் தைச்ச வயிறு. உள்ள காத்தும் தண்ணியும் இருக்கத்தான் செய்யும். ஸ்கேன்ல எது நல்லது எது கெட்டதுன்னு நான் எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வயிறு மெத்துனு இருக்கு. உள்ள கசிஞ்சா மனுஷன் வலியில துடிச்சிருப்பான். நாளைக்குப் பார்ப்போம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் கணவர், "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. கணவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தட்டில் போட்டதை அவரும் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது கொழுந்தனின் முகம் மண் நிறத்தில் இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். கம்பியில் கால் அழுந்துவது நின்றிருந்தது. அது நின்றதுதான் அவளை இன்னும் கலக்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்தாள். டெய்லர் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. உள்ளே கசிந்தால் மனுஷன் வலியில் துடித்திருப்பான்.

பம்ப் டிக், டிக் என்று மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பத்து வருடமாக அவள் வார்டுக்கு வார்டு பெருமையாகத் தூக்கிக்கொண்டு அலைந்த பொருள். வயிற்றிலிருந்து மேலே போகிற எல்லாச் செய்தியையும் அது வழியிலேயே நிறுத்திவைக்கிறது. கத்தியால் கிழித்த வலியையும்தான். அதற்கு ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் வித்தியாசம் தெரியாது. துடிக்க வேண்டிய மனுஷன் துடிக்காமல் படுத்திருப்பதற்கு, ரோடு நன்றாக இருப்பது போலத் தெரிவதற்கு, அவள் இங்கே பழக்கிவிட்ட மருந்தே காரணமாக இருக்கலாம். அந்த ஆசிரியைக்கும் முதுகில் இதே குழாய்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அது அவளுக்கு ஒருமுறைகூட உறைத்ததில்லை.

ஓரகத்தி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். மயக்க டாக்டர் பம்ப்பை நிறுத்தினாள். பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு, தன்னைக் கேட்காமல் வேறு எந்த வலி மருந்தும் கொடுக்க வேண்டாம் என்றாள்.

பெரிய சிஸ்டர் அவளைப் பார்த்தார். "வலிக்குமே டாக்டர்."

"வலிக்கணும்."

"வெட்டுன இடம் எப்படியும் வலிக்கும். அதை வெச்சு என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க?"

"அந்த வலி எனக்குத் தெரியும் சிஸ்டர். அது தையல் ஓரமா நிக்கும், அசைஞ்சா வரும், அசையாம இருந்தா அடங்கும். அது மட்டும் வந்தா நான் திரும்ப மருந்தைத் திறந்துவிட்டுட்டு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்த்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். சும்மா உட்கார்ந்து, ஒரு மனுஷனுக்கு வலி வரட்டும் என்று காத்திருப்பது. சாப்பாட்டு வண்டி உருண்டு வந்து, அவன் தட்டை எடுக்காமலே தாண்டிப் போனது. கூட்டிப் பெருக்குகிறவர் அவள் கால்களைத் தூக்கச் சொல்லிக் கட்டிலடியில் துடைத்தார். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவரில் ஏறியது. வலி வரவேண்டாம், நான் முட்டாள் என்று ஆகட்டும் என்று அவள் மனம் ஒரு பக்கம் கெஞ்சியது. இன்னொரு பக்கம் கண் அவன் புருவத்தை விட்டு நகரவில்லை.

முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கை போர்வையைச் சுருட்டிப் பிடித்தது. பிறகு அவன் வலது தோளைத் தேய்த்தான்.

"தோளா வலிக்குது?"

"ஆமாண்ணி. அங்க ஏன் வலிக்குது? அங்க ஒண்ணும் பண்ணலையே."

 வயிற்றுக்குள் விஷம் தேங்கி மேலே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற உதரவிதானத்தைத் தொட்டால் தோள் வலிக்கும் என்று படித்திருந்தாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் வலி வெள்ளமாக வந்துவிட்டது. அவன் கத்தவில்லை. மூச்சைச் சின்னச் சின்னதாக, மேலோட்டமாக இழுத்தான். அசையாமல் மரக்கட்டை போலக் கிடந்தான். அவ்வளவு அசையாமல் கிடந்தும் வலி அடங்கவில்லை. அவள் முழங்காலால் கட்டிலை லேசாக இடித்தாள். அந்தச் சின்ன அதிர்வுக்கே அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது.

ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டாள். எப்போது திரும்பி வந்து அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. அவள் கண் கணவனிடமிருந்து பம்ப்புக்குப் போனது. அதில் வழக்கமாக எரிகிற பச்சை விளக்கு அணைந்திருந்தது.

"அக்கா, மெஷின் ஓடலையே."

"நான்தான் நிறுத்தினேன்."

"நீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"காலையிலயே."

ஓரகத்தி குரலை உயர்த்தவில்லை. "அப்ப காலையிலேர்ந்து அவரு கஷ்டப்படட்டும்னு உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? இப்ப கட்டிலை இடிச்சீங்களே, அதையும் பார்த்தேன். அதையும் வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"ஆமாம்மா. வேணும்னேதான்."

அதை விளக்க அவளிடம் வார்த்தைகள் இருந்தன. ஆனால் விளக்க நேரமில்லை. எழுந்து போனை எடுத்தாள்.

டெய்லர் வந்து வயிற்றில் கை வைத்தார். நேற்று மெத்தென்று இருந்த வயிறு பலகை போல இறுகியிருந்தது. அவர் கையை உடனே எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தார்.  பிறகு யாரையும் பார்க்காமல், "தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்க" என்றார்.

தியேட்டர் வாசலில் ஆமை அவளை மறித்தான். அன்று அவன் நடை ஆமை நடையாக இல்லை.

"நீ வெளிய இரு."

"நான் ஒரு ஓரமா நிக்கிறேன்."

"அழுத்தம் விழுந்துக்கிட்டே இருக்கு. நீ உள்ள வந்தா நான் உன்னையும் சேர்த்துப் பார்த்துக்கணும். என்னால ஒரு ஆளைத்தான் பார்க்க முடியும்."

கதவு மூடியது. இருபது வருடத்தில் அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் அவள் நின்றதே இல்லை. நீளமான பெஞ்சின் ஒரு முனையில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள், மறு முனையில் இவள் உட்கார்ந்தாள். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த அவளுடைய கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல், நடுவில் நின்றுகொண்டே இருந்தார். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்காது என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

வெளியே வந்த டெய்லர் ஒரேயடியாக வயதாகிப் போயிருந்தார். "தையல் பிரியலம்மா. குடலோட ஓரம் ஒரு இடத்துல ரத்தம் பத்தாம கறுத்திருக்கு. அங்க ஓட்டை விழுந்துடுச்சு. எல்லாத்தையும் கழுவிட்டேன், குடலோட முனையை வயித்துக்கு வெளிய எடுத்து, மலம் போகப் பை வெச்சிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் அரை நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் போய்விட்டார்.

கொழுந்தன் உடனே பிழைத்து எழுந்துவிடவில்லை. பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு மெஷினோடு கிடந்தான். ஒருநாள் சிறுநீரகம் மக்கர் செய்தது. அது தேறுவதற்குள் நெஞ்சில் சளி கட்டியது. எழுப்புற டாக்டர் என்று பேர் வாங்கியவள், எழுப்ப முடியாத ஒருவன் பக்கத்தில் தினமும் போய் நின்றாள். எத்தனை குழாய்களை எடுக்கச் சொல்லிப் பத்து வருடம் சண்டை போட்டாளோ அத்தனையும் அவன் உடம்பில் ஏறியிருந்தன. அத்தனையும் தேவையாகவே இருந்தன. ஒன்றைக்கூட எடுக்கச் சொல்ல முடியவில்லை.

ஒருவழியாகக் கண் விழித்தபோது அவனுக்குப் புத்தி தெளியவில்லை. அவளைக் கண்டதும் கட்டிலில் பின்னுக்கு நகர்ந்தான். "இந்தம்மாவை வெளிய அனுப்புங்க. வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாவியைப் பிடுங்கிட்டாங்க" என்று நர்ஸிடம் புகார் சொன்னான். இந்த மாதிரிக் குழப்பம் வரும், தெளியும் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அன்று வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

குழப்பம் தெளிந்தது. பாதி உடம்பாக, வயிற்றில் பையோடு அவன் வீடு திரும்பினான். அவளிடம் அவன் கோபப்படவில்லை. "நீங்க நிறுத்துன அன்னிக்கு உங்களை மனசுக்குள்ள திட்டுன திட்டுக்கு நீங்க என் வீட்டுப் பக்கமே வந்திருக்கக்கூடாது அண்ணி" என்று மட்டும் ஒருமுறை சொன்னான். அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

வார்டில் ஒரு வழக்கம் மாறியது. 'என்னமோ சரியில்ல' என்று எந்த நோயாளி சொன்னாலும், எத்தனை நன்றாக நடந்தாலும், அன்று அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. முதுகு மருந்தை நிறுத்தி, வலியைப் பேச விட்டு, வயிற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். படுக்கைகள் முன்னைப் போலக் காலியாவதில்லை என்று நிர்வாகம் முணுமுணுத்தது. அந்தக் கூட்டத்தில் டெய்லர் எழுந்து, "அப்படி முணுமுணுக்கிறவங்க வார்டுக்கு வந்து நோயாளி முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். யாரும் வரவில்லை. வலியைத் தடுக்கிற குழாயை அவள் விட்டுவிடவில்லை. அது நல்லதுதான் என்று இன்றும் சொல்கிறாள். ஆனால் அதைப் போடும்போது முன்னிருந்த உற்சாகம் அவள் கையில் இல்லை.

சில மாதம் கழித்து, பையை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்ப உள்ளே சேர்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஓரகத்தி தனியாக அவள் வீட்டுக்கு வந்தாள். இந்த நடுவில் இருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. தண்ணீர் கொடுத்ததை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் முதுகுல அதைப் போடுவீங்களாக்கா?"

"இது சின்ன ஆபரேஷன்தான், அநேகமா தேவைப்படாது. தேவைப்பட்டா போடுவோம்."

"அது உள்ள நடக்கிறதை மறைச்சுடுமே."

"மறைக்கும். அதனாலதான் நானே வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

ஓரகத்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க செஞ்சது எதுக்குன்னு எனக்குப் புரியாம இல்ல. அவரு இருக்கிறதே உங்களாலதான். ஆனா நீங்க பக்கத்துல உக்காந்தா எனக்குப் பயமா இருக்குக்கா. எனக்கு அன்னிக்கு நீங்க உக்காந்திருந்த மாதிரிதான் தெரியும்."

மயக்க டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "சரிம்மா, நான் வரலை" என்றாள். சொன்னபடியே போகவில்லை. ஆமை போன் செய்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, எழுந்து உட்கார்ந்துவிட்டான், வாயும் திறந்துவிட்டது என்றான். கொழுந்தன் தேறி வேலைக்குத் திரும்பினான்.

ஓரகத்தி சொன்னது அவளுக்கு மட்டும் தோன்றியதல்ல. வார்டில் யாராவது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் மயக்க டாக்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் நின்றால், சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டூலை இழுத்தால் முகம் வெளுத்துப்போகிறது. பெரிய சிஸ்டர்கூட அந்தக் கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அது அவளுக்கும் தெரிகிறது. தெரிந்தும், நன்றாக நடந்து, நன்றாகச் சாப்பிட்டு, திடீரென்று ஒருநாள் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஆளைக் கண்டால், அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.